வத்தலக்குண்டுக்குப் போன அப்பா

அன்னக்கொடி: அன்னைக்கு நீங்க “வடிவோட அப்பா எங்க?”ன்னு கேட்டீங்கள்ல, டீச்சரம்மா? “வத்தலக்குண்டு மண்டியில மூட்டை தூக்குறாரு”ன்னு சொன்னேன்.

சண்முகசுந்தரி: சொன்னே. நானும், “சரி, பிள்ளைய வெள்ளனே பால்வாடிக்கு அனுப்பு”ன்னேன். அதுக்கென்ன இப்ப?

அன்னக்கொடி: அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க...

சண்முகசுந்தரி: உன் மக பேச்சை நிறுத்துனாத்தானே கேக்க! அவ அப்பா ஒத்தக் கையில ரெண்டு மூட்டை தூக்குறாராம். யானை நின்னு வேடிக்கை பாக்குதாம்.

அன்னக்கொடி: அய்யய்யோ, நான் சொன்ன பொய்யில யானை இல்லையே!

சண்முகசுந்தரி: யானை அவ சேத்தது. காபியக் குடி, ஆறுது.

அன்னக்கொடி: பொய்யின்னு சொல்றேன்... நீங்க திடுக்கிடக்கூட இல்ல. தெரியுமா உங்களுக்கு?

சண்முகசுந்தரி: போன மாசம் பிள்ளைய ஏன் அனுப்பாம வச்சிருந்தே? அதை மொதல்ல சொல்லு.

அன்னக்கொடி: இங்க பால் காய்ச்ச, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விறகு கொண்டாரணும்னு சொன்னீங்க. அவரு சோலைக்காட்டுல மரம் வெட்டித்தான பாரஸ்ட் கார்டு கையில மாட்டுனாரு... அவ கையில ஒரு குச்சியப் பாத்தாலும் வில்பட்டி ஊரே சிரிக்கும். வெறுங்கையோட அனுப்பவும் கூச்சம்.

சண்முகசுந்தரி: சரி, மேல சொல்லு.

அன்னக்கொடி: அப்புறம் “ஆபீஸ்ல ஸ்டவ் குடுத்துட்டாங்க, விறகு வேணாம்”னு எல்லாருக்கும் சொல்லி அனுப்புனீங்க.

சண்முகசுந்தரி: குடுத்தாங்கள்ல!

அன்னக்கொடி: அது உங்க வீட்டு ஸ்டவ்வாம். பால் காய்ச்சுற முருகம்மாக்கா சொல்லிருச்சு.

சண்முகசுந்தரி: அவ வாய்க்கு ஒரு மூடி செஞ்சு போடணும்!

அன்னக்கொடி: அப்ப... அவரு ஜெயில்ல இருக்காருன்னு...

சண்முகசுந்தரி: நீ மண்டின்னு சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். விறகுதான் உன்னைத் தடுக்குதுன்னு புரியத்தான் நாளாச்சு. மத்த பிள்ளைங்க அவளச் சீண்டக் கூடாதுன்னு, கதை நேரத்துல அவளையே பேச விட்டேன். யானை அப்படி வந்ததுதான்.

அன்னக்கொடி: பால்வாடியில அவ பேரை எடுத்துருவீங்களோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்.

சண்முகசுந்தரி: போடி பைத்தியம். அழாத... ஏய், சிரிக்கிறியா?

அன்னக்கொடி: ரெண்டுந்தான். விட்டுட்டாங்க டீச்சரம்மா. மத்தியான பஸ்ல வந்துட்டாரு.

சண்முகசுந்தரி: வந்துட்டாரா! இதை மொதல்ல சொல்ல மாட்டே? வடிவு பாத்தாளா?

அன்னக்கொடி: இனிமேத்தான். பேரிக்கா மரத்துக்குப் பின்னால நிக்குறாரு. தாய்மாருக எல்லாம் பிள்ளையக் கூப்பிட வர்ற நேரமாச்சே, கிட்ட வர மாட்டேங்குறாரு.

சண்முகசுந்தரி: அந்த மனுசனைக் குளிர்ல நிக்க வச்சிட்டு நீ இங்க காபி குடிக்கிறே!

அன்னக்கொடி: நீங்கதான குடுத்தீங்க... ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுலயே கெடக்கு.

சண்முகசுந்தரி: வெரசாக் கேளு, மணி அடிக்கணும்.

அன்னக்கொடி: எல்லாரும் வாசல்ல நிக்கையில நீங்க அவரப் பாத்து... “வாங்க, வடிவு அப்பா”ன்னு சத்தமாக் கூப்பிடணும்.