துருவுக்கு மருந்து

உட்காரச் சொன்னதற்கு நன்றி, சார். மாட்டு மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்று நின்று எனக்கு முட்டி போய்விட்டது.

போன வருடம் சிங்கவரத்தில் கால்நடை முகாம் நடந்தது. கன்றுகளிடமும் கிழ மாடுகளிடமும் ரத்தம் எடுத்துப்போன டாக்டரம்மா பர்வின், பிறகு கடைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "வயசாவ வயசாவ உடம்புக்குள்ள துருப்புடிக்குதுங்க ஆல்பர்ட். அதைத் தடுக்கிற சத்து கன்னுக்குட்டிக்கு நெறைய இருக்குது. கெழ மாட்டுக்குக் கொறஞ்சுபோவுது."

எனக்கு லில்லி அக்காவின் ஞாபகம்தான் வந்தது. நைனா இறந்தபின் கல்யாணமே வேண்டாமென்று என்னை வளர்த்தவள். ஒரு அமாவாசையன்று காய் வாங்கப் போனவள், வீட்டுக்கு வழி மறந்து, கூட்டத்தோடு கூட்டமாக மேல்மலையனூர் கோயில் பஸ்ஸில் ஏறிவிட்டாள். யாரோ கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் என்னைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கடையில் மாடுகளுக்கான செலினியம் மருந்து இருந்தது. துருவைத் தடுப்பது. மோரில் கலந்து கொடுத்தேன். சில நாளில் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்குமேல் எப்படி நிறுத்துவது?

பிறகு முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. பூண்டே சமைக்காத நாட்களில் அவள் மூச்சில் பூண்டு வாடை. விரல்நகம் கழன்று தலையணையில் கிடந்தது. இதே மருந்தை அளவுமீறிக் கொடுத்ததில் சிராஜுதீன் வீட்டு ஆடுகள் குளம்பு கழன்று செத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆடு வேறு, அக்கா வேறு. இது முதுமைதான் என்று எடுத்துக்கொண்டேன். முதுமை கூடினால் மருந்தும் கூடத்தானே வேண்டும். கூட்டினேன்.

ஆஸ்பத்திரியில், "வேற ஏதாச்சும் மருந்து குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சொன்னால் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் முதுமைக்கு என்ன இருக்கிறது?

கடைசியில் அக்காவே, "வேணாண்டா ஆல்பர்ட்டு, வவுறு எரியுது, வுட்ருடா" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். என் பேரை மறக்கவில்லை, கவனியுங்கள். மூக்கைப் பிடித்தேன். வாய் திறந்ததும் ஊற்றினேன். மாடுகளுக்கு ஊற்றிப் பழகிய கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

ஆமாம் சார், நான்தான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அளவு போதவில்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.