ராணி நுழையாத வீடு

"ராணி இடுப்பு வரைக்கும்தான் வாசக்கதவே இருக்கு. வீட்டையே இடிச்சு ரெட்டிப்பாக் கட்டறேன்."

கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில், புறப்படாமல் உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் மனைவியிடம் சொன்னார். அவர் மடியில் ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கிய பிளைவுட் பலகைகள்.

"நாளைக்குக் கொலுன்னா. இப்போ போயா அறுக்கப் போறேள்?"

"பின்னே என்ன செய்யறது? உன் பொண்ணு கனடாலேர்ந்து அனுப்பின பொம்மை வீடு விரல் நீளப் பொம்மைக்கு உள்ளதாக்கும். நம்ம மரப்பாச்சி அதுல ரெண்டு பங்கு உயரம். சின்னதா ஒரு ஜோடி வாங்கலாம்னா நீ சம்மதிக்கலை."

"எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த ராஜா ராணியை வெளில நிறுத்திட்டு யாரைக் குடிவைக்கறது? நாளைக்கு வீடியோவுல பொண்ணு கேப்பா."

"அதான் சொல்றேன். சுவர், கதவு, மாடிப்படி, எல்லாம் டபிள். கணக்கு கரெக்டாக்கும்."

அவள் பலகையின் மேல் கையை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தாள்.

"எட்டு இஞ்சு ஆழம் இருந்த வீடு இப்போ எத்தனை?"

"பதினாறு."

"கொலுப்படி?"

பலகையைத் தட்டிக்கொண்டிருந்த அவர் விரல்கள் நின்றன.

"படியை அளக்கலையா?"

"பொம்மையை அளந்தேன்." உடனே நிமிர்ந்தார். "அதுக்கென்ன? படியையும் அகலமாக்கிடலாம்."

"ஏழு படியையுமா? அப்பறம் ராணி உள்ளே இருப்பா. நாமதான் தெருவுல நிக்கணும்."

அவர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

"நம்மாத்து ஹால் நீளம் எத்தனை அடி?"