வலைப்பெட்டி

எங்கள் கடையில் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு, ஐயா. ராயபுரத்தில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கும் எந்த அண்ணாச்சியைக் கேட்டாலும் சொல்வார், ஊரிலிருந்து கூட்டிவந்த ஆட்களுக்கு வேளைக்குச் சோறு போடுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய பொறுப்பு என்று. கடைக்கு மேலேயே ஆட்களுக்குத் தங்கல், சமையல் என் மனைவி பூமாரி. ஆட்கள் மொத்தம் நான்கு பேர். நான் யாரையும் பட்டினி போட்டதில்லை. எனக்குச் சண்டை என்றாலே ஆகாது. இந்த இரண்டையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மீன் தொட்டி வாங்கியது போன வருடம், 2003 கடைசியில். மூன்றடித் தொட்டி. ஆட்கள் சாப்பிடும் மாடி அறையிலேயே வைத்தேன். நான்கு ஏஞ்சல், இரண்டு மோலி, உடம்பில் பட்டை போட்ட சிக்லிட் ஒன்று. தீனி விழுந்ததும் அந்தச் சிக்லிட் மற்றவற்றை ஓட ஓட விரட்டும். ஒரு ஏஞ்சலின் துடுப்பைக் கிழித்தது. இன்னொன்றின் கண்ணையே தோண்டிவிட்டது. அது இரண்டு நாள் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நீந்தி, பிறகு மிதந்தது.

தொட்டி மீன் விற்கிற ஷரீஃபுன்னிசா புளியந்தோப்புக்காரர், கெட்டிக்காரப் பெண்பிள்ளை. அவர்தான் வழி சொன்னார். தீனியை இரண்டு மூலையிலும் ஒரே நேரத்தில் போட வேண்டும். முரடன் ஒரு பக்கம் தின்னும்போது மற்றவை மறுபக்கம் தின்றுவிடும். அதற்கும் அடங்காவிட்டால் முரடனைப் பிடித்து ஒரு வலைப்பெட்டியில் போட்டு, அதே தொட்டிக்குள் நான்கு நாள் தொங்கவிட வேண்டும். அதற்குள் கற்களை இடம் மாற்றிவிட்டால், திரும்பி வரும்போது தன் இடம் எது என்று அதற்குத் தெரியாது. முதலில் வலையில் முட்டிக்கொண்டே இருக்கும். முட்டுவது நின்றால் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "நீ தீனி கொஞ்சூண்டு போட்டா அடிச்சிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. வயிறு ரொம்பிச்சின்னா அது இன்னாத்துக்கு இன்னொன்னக் கடிக்கப் போவுது?"

நான் சிரித்துக்கொண்டேன். மற்றபடி அவர் சொன்னதைச் செய்தேன். ஐந்தாம் நாள் சிக்லிட் மூலையில் ஒதுங்கி நின்றது. இவ்வளவு எளிதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

உச்சிமாகாளி எட்டு வருடமாக என்னிடம் இருந்தவன். மூட்டை தூக்குவதில் அவனுக்கு நிகர் கிடையாது. சாப்பாட்டில்தான் தகராறு. எங்கள் வழக்கம், சோறு தட்டில் விழும், குழம்பு மீன் ஒரே கிண்ணத்தில் நடுவே இருக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான்கு பேருக்கு மூன்று துண்டு. ஆரம்பத்திலிருந்தே நான் சொல்லிவைத்த கணக்கு அது. பூமாரி ஒருமுறை கேட்டாள். "காசிமேட்டுல மீனுக்கா பஞ்சம்? நாலு ஆளுக்கு நாலு துண்டு வச்சா என்னங்க?" மூன்றே இருக்கட்டும் என்றேன். கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்கு, மதியம் நாற்காலியைப் போட்டு அந்த நான்கு முகங்களையும் பார்ப்பதுதான் ஒரு பொழுது.

மே மாதம் ஒருநாள் மற்ற ஆட்களில் ஒருவனான அருள்பிரகாசம் முந்திக்கொண்டு ஒரு துண்டை எடுத்துவிட்டான். உச்சிமாகாளி தண்ணீர்ச் செம்பால் அவன் வாயில் அடித்தான். இரண்டு பல் சோற்றில் விழுந்தது. பிறகு அவன் பிடரியைப் பிடித்துக் கொதிக்கிற குழம்புச் சட்டியில் முகத்தை அழுத்தினான். பூமாரிதான் ஓடிவந்து விலக்கினாள். சண்டை முடிகிற வரை நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மறுநாள் கிண்ணத்தை இரண்டாக்கி இரு மூலையில் வைத்துப் பார்த்தேன். உச்சிமாகாளி ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்கும் வந்தான்.

அதனால் மிளகாய் வற்றல் மூட்டை அடுக்க வேண்டும் என்று அவனை எங்கள் திருவொற்றியூர் குடோனுக்குக் கூட்டிப்போனேன். அவன் உள்ளே போனதும் ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். கோபத்தில் செய்யவில்லை, ஐயா. நான்கு நாள் என்று தீர்மானித்து, ஒரு குடம் தண்ணீரும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் முன்பே உள்ளே வைத்திருந்தேன். மற்ற ஆட்களிடம் அவன் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். மாடியில் அவர்களுடைய பாய், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தேன்.

தினமும் காலையில் போய் ஷட்டருக்கு வெளியே நிற்பேன். ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், அவன் தட்டுவது வேறு யாருக்கும் கேட்காது. முதல் காலை என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். இரண்டாம் காலை அழுதான்.

"அண்ணாச்சி, கண்ணு தெரியல. வத்தல் நெடி மூச்ச அடைக்கி. இனிமே யார் மேலயும் கை ஓங்க மாட்டேன், தொறந்து விடுங்க."

இன்னும் இரண்டு நாள்தான் என்று அமைதியாகச் சொன்னேன். மூன்றாம் காலை தட்டும் சத்தம் இல்லை. அடங்கிவிட்டான் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

நான்கு நாள் முடிந்து திறந்தபோது ஷட்டரின் கீழ் இடுக்கில் வாயை வைத்தபடி கிடந்தான். விரல்களில் நகமே இல்லை. தகரத்தில் அவன் உயரத்துக்கு ரத்தக் கீறல். வலைப்பெட்டிக்குள் தண்ணீர் போய்வரும், தகரக் கூரை போட்ட வற்றல் குடோனுக்குள் காற்று போய்வராது. அந்த ஒன்றை நான் யோசிக்கவில்லை. அவனைக் கொன்றது நான்தான், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் பூமாரி உங்களிடம் வந்து, நான் வேண்டுமென்றே செய்தேன் என்று சொன்னாளாம். அது அநியாயம். சாப்பாட்டு நேரத்தில் அமைதி வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. அமைதி வரவும் செய்தது. அவன் குடோனில் இருந்த நாட்களில் மூன்று ஆள், மூன்று துண்டு, ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து சாப்பிட்டு எழுந்து போனார்கள். நான் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பூமாரியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து இரண்டு துண்டு வைத்தால் போதும் என்று சொன்னேன்.