ஸ்ரீமான் அழகியமணவாளனின் திங்கட்கிழமைக் கார்டுகள்

தலைவர் அவர்களே, மேடையில் இடம் கிடைத்த பெரியோர்களே, இடம் கிடைக்காததை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வேகவதி கிரிக்கெட் சங்கத்தின் ஆட்டக்காரர்களே, ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கும் அன்பர்களே! உங்கள் எல்லோருக்கும் இச்சங்கத்தின் காரியதரிசி பாச்சா என்கிற அடியேனுடைய வணக்கம்.

ஸ்ரீமான் அழகியமணவாளன் அவர்கள் மறைந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. ரிஜிஸ்திரார் ஆபீஸில் முப்பது வருஷம் பத்திரங்களுக்கு நகல் எழுதியவர். கிரிக்கெட் மட்டையை ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. பந்தைத் தொட்டது ஒரே ஒரு முறை. அதுவும் பந்துதான் வந்து அவர் நெற்றியைத் தொட்டது. ஆனால் சங்கம் தொடங்கிய 1912ஆம் வருஷத்திலிருந்து இந்த 1934ஆம் வருஷம் வரை, நாம் ஆடிய அறுபத்தொரு ஆட்டங்களையும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஆட்டக்காரர்களாகிய நாமே அவ்வளவு நேரம் அங்கே இருந்ததில்லை. நமக்கு அவுட் ஆகிற வசதி இருந்தது. அவருக்கு அது இல்லை!

அறுபத்தொரு ஆட்டங்களில் நாம் வென்றவை நான்கு. இரண்டு வெற்றிகள் எதிர் அணி ரயிலைத் தவற விட்டதால் வந்தவை. ஒன்று நடுவரின் கண்நோயால் வந்தது. மற்றொன்றை நம் சங்கத்து இட்லி ஈட்டித் தந்தது; டிபனுக்குப் பிறகு எதிரிகளால் ஓட முடியவில்லை. இந்த நான்கையும் ஸ்ரீமான் அழகியமணவாளன் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார். நகல் எழுதுகிறவர் அல்லவா? மூலத்தில் இல்லாததை அவர் எழுதமாட்டார்.

அவர் என்ன செய்தார்? கார்டு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும். திங்கட்கிழமை மாலைத் தபாலில் எனக்கு ஒரு கார்டு வரும். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் இரண்டு தெருக்கள். நடந்து வந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுத்துப் பேசுவீர்கள், எழுதினால் படித்துத்தான் ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. கார்டு என்பது திறந்த கடிதம். தபால்காரர் முனுசாமி வழியிலேயே படித்துவிடுவார். அவர் படித்ததை வழியில் உள்ள வீடுகள் கேட்டுவிடும். கடைசியாக என்னிடம் வந்து நீட்டுவார்.

"சாமி, கார்டு வந்துக்குது. இந்த வாட்டி ரொம்பக் காரம்பா. ஊரே படிச்சிடுச்சு, நீங்கதான் பாக்கி."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை கார்டுகள் வந்தன என்று நான் எண்ணவில்லை. எத்தனைக்குப் பதில் போட்டேன் என்பதற்கு எண்ணத் தேவையில்லை.

அந்தக் கார்டுகளில் பல அபிப்பிராயங்கள் இருந்தன. மட்டையைக் குடைபோலப் பிடிக்காதீர்கள் என்று எழுதினார். பந்து வரும்போது கண்ணை மூடுவது பக்திக்கு அழகு, ஆட்டத்துக்கு அழகல்ல என்று எழுதினார். ஆனால் எதை எழுதினாலும் கடைசி வரி ஒன்றுதான். "ராஜவேலு அவர்களைச் சேர்த்துக்கொள்ளவும்." அவர்கள்! முதல் முறை அதைக் கைப்பிசகு என்று நினைத்தோம். இரண்டாவது கார்டிலும் அப்படியே இருந்தது.

ராஜவேலுவைத் தெரியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. நம் மைதானத்தில் தரையைச் சமன் செய்யும் உருளையை இழுப்பவர். வீடு ஆற்றுக்கு அக்கரையில், சேரியில். 1914இல் ஒரு மாலை பயிற்சிக்குப் பந்து போட ஆள் வரவில்லை. "டேய், நீ போடுடா" என்று யாரோ சொன்னார்கள். அவர் போட்டார். பந்து விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண் திரும்பியது. மட்டை பிடித்து நின்ற நம் குழு உறுப்பினர் சக்ரவர்த்தி அவர்கள் பந்து எங்கே போயிற்று என்று பார்க்கத் திரும்பினார். பின்னால் குச்சி மூன்றும் கிடந்தன. அன்று முதல் தினமும் மாலையில் ராஜவேலு பந்து போடுவார். ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கும்போது வேலிக்கு வெளியே நிற்பார்.

இதில் ஒரு தடை இருந்தது. பந்து தோலால் ஆனது. அதைத் தொட்டவர்கள் வீட்டுக்குள் போகுமுன் கிணற்றடியில் தலைமுழுக வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் பாதி அணிக்கு ஜலதோஷம். ஆகவே சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: பந்து ஒரு கையை விட்டுப் புறப்பட்டு மறு கையை அடையும் வரை அதற்குத் தீட்டு இல்லை. சாஸ்திரமும் ஆட்டமும் கைகோத்த அற்புதமான தீர்மானம்! வரைந்தவன் நான். அடுத்த திங்கள் கார்டு வந்தது. "தீர்மானம் கண்டு மிக்க சந்தோஷம். அப்படியானால் ராஜவேலு அவர்கள் கையை விட்டுப் புறப்படும் பந்தும் சுத்தமே. இனித் தடை என்ன?"

இதற்கு என்ன பதில் சொல்வது? மூன்று கூட்டம் போட்டோம். கடைசியில் சக்ரவர்த்தி அவர்கள்தான் வழி காட்டினார்.

"பந்து கிடக்கட்டும் ஓய். டிபன் வேளையிலே அவன் எங்கே உட்காருவான்?"

ஆம், டிபன்! பயிற்சிக்கு டிபன் கிடையாது, போட்டிக்கு உண்டு. ஆகையால் ராஜவேலு பயிற்சிக்குத் தகுதியானவர், போட்டிக்குத் தகுதியில்லாதவர். அந்த அரை மணி நேரத்துக்காக நாம் இருபது வருஷம் தோற்றோம். இவ்வளவு விலை கொடுத்து வேறு எந்த ஊராவது இட்லி தின்றிருக்குமா?

பயிற்சி பற்றி அவர் எழுதிய கார்டு ஒன்றை வாசிக்கிறேன். இதைப் போல ஆட்ட நுணுக்கம் தெரிந்த எழுத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

"தினமும் ராஜவேலு அவர்களின் பந்தில் பழகுகிறீர்கள். அது ஒரு சாண் திரும்புகிறது. நீங்களும் ஒரு சாண் தள்ளி மட்டை வைக்கப் பழகிவிட்டீர்கள். எதிரியின் பந்து நேராக வருகிறது. மட்டைக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு சாண் வழிவிட்டு நிற்கிறீர்கள். பெருமாள் புறப்பாட்டுக்குக்கூட இந்த ஊரில் இவ்வளவு வழி விட்டுப் பார்த்ததில்லை. ஒன்று அவரைப் போட்டியில் சேருங்கள். அல்லது பயிற்சியிலாவது நிறுத்துங்கள். நல்ல பந்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதும் சேர்ந்தால் அணி உருப்படாது."

வாசித்தோம். ரசித்தோம். நிறுத்தவும் இல்லை, சேர்க்கவும் இல்லை.

நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். வருஷா வருஷம் இந்த விஷயம் வரும். சேர்க்கலாம் என்று ஐந்து பேர், கூடாது என்று ஐந்து பேர். பதினொன்றாவது வாக்கு காரியதரிசியுடையது. நான் ராஜவேலுவுக்கு எதிராக ஒரு முறையும் வாக்களித்ததில்லை. இதை இந்தச் சபையில் தலைநிமிர்ந்து சொல்வேன். ஒத்திவைத்தேன்; அவ்வளவுதான்.

1926இல் அரக்கோணத்து ரயில்வேக்காரர்கள் ஆட வந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். பத்துப் பேராக நின்றார்கள். அவர்கள் தலைவன் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உருளையின் மேல் சாய்ந்து நின்ற ராஜவேலுவைக் கூப்பிட்டான். பந்து போடுவாயா என்று கேட்டான். ராஜவேலு நம் பக்கம் பார்த்தார். நாம் டிபன் கூடைகளைப் பார்த்தோம். அவர் போனார்.

நாம் இருபத்து மூன்று ரன்னுக்கு அவுட் ஆனோம். அதில் ஏழு பேரை ராஜவேலு வீழ்த்தினார். பன்னிரண்டு வருஷம் அவர் பந்தில் பழகியவர்கள் நாம். அதே பந்தில் வீழ்ந்தோம். எப்படி? பயிற்சியில் அவர் பாதிதான் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. ஏழாவது ஆள் அவுட் ஆனபோது நம் ஊரார் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டியது. ஸ்ரீமான் அழகியமணவாளன் நாற்காலியிலிருந்து எழுந்து, மேல்வேஷ்டி நழுவியது தெரியாமல், கண்ணில் நீர் வழியக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

எதிரிக்குக் கை தட்டியதற்காக அவருடைய நாற்காலியைச் சங்கம் பறிமுதல் செய்தது. அந்தத் தீர்மானம் ஒத்திவைக்கப்படவில்லை. அந்த நாற்காலியில்தான் இன்று தலைவர் அவர்கள் வீற்றிருக்கிறார். தலைவர் அவர்கள் எழுந்திருக்க வேண்டாம். மண்டபத்தில் வேறு நாற்காலி இல்லை.

அதன் பிறகு எட்டு வருஷம் அவர் வேலிக்கு வெளியே, ராஜவேலு பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்தார். வெயிலில் நின்றார். கார்டு மட்டும் நிற்கவில்லை. ஒரு மாற்றம் உண்டு. முன்பு நம் பின்புறத்தை வைத்து விமரிசனம் செய்தார். இப்போது எதிர்ப்புறத்திலிருந்து முகத்தைப் பார்த்துச் செய்தார். "தோற்பதற்கு முன்பே உங்கள் முகத்தில் நிம்மதி தெரிகிறது" என்று ஒரு கார்டில் எழுதினார்.

படுக்கையில் விழுந்தபோது போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்தார்.

"என்ன பாச்சா? இந்த வருஷமாவது உண்டா?"

"ஆகட்டும், பார்க்கலாம்" என்றேன். சாகக் கிடக்கிறவரிடம் வேறு என்ன சொல்வது? சேர்க்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அது இப்போதுதான் தோன்றுகிறது.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் அவர் போனார். தகனம் முடிந்து, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாலையில் முனுசாமி வந்தார். கையில் கார்டு. அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் வழியில் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

"முந்தா நாளு போட்டிருக்காரு சாமி. நான் படிச்சேன். யாருக்கும் சொல்லல."

அந்தக் கார்டு இது. "ராஜவேலு அவர்களின் வலது தோள் போய்விட்டது. இனி அவர் பந்து திரும்பாது. நம் அணியில் மற்றவர்கள் எப்படிப் போடுகிறார்களோ, அப்படித்தான் அவரும் போடுவார். ஆகவே இனி அவரைச் சேர்ப்பதில் சங்கத்துக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன்."

பெரியோர்களே, அவர் நம்பிக்கை வீண்போகவில்லை! போன வியாழக்கிழமை குழு கூடியது. இறந்தவரின் நினைவைப் போற்றும் முகமாக ராஜவேலுவை உறுப்பினராகச் சேர்ப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. சக்ரவர்த்தி அவர்களே முன்மொழிந்தார். இருபது வருஷத்தில் நம் குழு ஒற்றுமையாக இருந்தது அன்று ஒரு நாள்தான்.

இன்று காலை மைதானத்துக்குப் போய் நானே அவரிடம் சொன்னேன். உருளையை நிறுத்தினார்.

"சங்கத்துல உங்களைச் சேர்த்தாச்சு."

"எந்தச் சங்கம் சாமி?"

"நம்ம சங்கம்தான்."

"இன்னா வேலைக்கு?"

"பந்து போட."

அவர் சிரிக்கவில்லை. வலது கையை மெள்ளத் தூக்கிக் காட்டினார். காது வரை வந்து நின்றது.

"இதுக்கு மேல ஏறாது சாமி. உருளை இஸ்து இஸ்து தேஞ்சு பூட்டுது. முன்னாடியே சொல்லியிருந்தா உருளைய வேற ஆளை இஸ்க்கச் சொல்லியிருப்பேன்." பிறகு, "பெரியவரு நின்னுக்கினு இருந்த எடத்துல இப்ப யாரும் இல்ல. வெறிச்சுனு இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி உருளையைப் பிடித்தார். வருகிற ஞாயிறு அரக்கோணத்தாரோடு ஆட்டம். தரையைச் சமன் செய்யாவிட்டால் எப்படி?

அவர் இப்போது அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். உறுப்பினர் என்ற முறையில் உள்ளே வர அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மண்டபத்துக்காரரின் சம்மதத்தை நாம் இன்னும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்பதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

துக்கம் கேட்கப் போனபோது ஸ்ரீமான் அழகியமணவாளனுடைய மனைவி ஹேமாம்புஜம் அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"பதிலே போடாதவருக்கு எதுக்கு எழுதறேள்னு நான் கேக்காத நாளில்லை. பாச்சா பதில் போட்டுட்டா எனக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி என்ன வேலைடின்னுட்டார்."

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி அமர்வது இப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கம். அவர் பணி எது? வெல்வதா? அது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கார்டு எழுதுவதுதான் அவர் பணி. அதை யாராவது தொடரத்தான் வேண்டும். ஆகவே இன்று வரும் வழியில் தபால் ஆபீஸில் ஒரு கார்டு வாங்கினேன். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் வேலிக்கு வெளியே அவர் நின்ற இடத்தில் நின்று, கண்டதைக் கண்டபடி எழுதி, வேகவதி கிரிக்கெட் சங்கத்தின் காரியதரிசிக்குத் தபாலில் சேர்ப்பேன். திங்கள் மாலை முனுசாமி ஊர் முழுக்க வாசித்துவிட்டு என் வாசலுக்குக் கொண்டுவருவார். அதை நானே வாங்கிக்கொள்வேன்.

பதில் வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காரியதரிசியை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.