சலிப்பறையில் வைத்த தண்ணீர்க் கிண்ணம்

மேடையில் வீற்றிருக்கும் முதலாளி திரு. கோவிந்தராஜ் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும், பஸ்பம் சலிக்கும் சலிப்பறைப் பெண்களே, வணக்கம். மருந்துச்சாலையின் பரிசோதனை அறையில் வேலை செய்பவள் நான். மேடையேறிப் பழக்கமில்லை. தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைமை வைத்தியர் ஐயா சிங்கராயர் போய்விட்டார். எத்தனை நோய் தீர்த்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எத்தனை கேள்வி கேட்டார் என்று நான் சொல்ல வேண்டாமா?

பஸ்பம் சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்போம்? விரலில் தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும். தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும்; அந்த ஏட்டின்மேல் ஒரு நெல்லை வைத்தாலும் மூழ்கக் கூடாது. எண்பத்தேழாம் ஆண்டு ஒரு நாள், கை கழுவிய பிறகும் தன் விரல் ரேகையில் வெள்ளை இருப்பதைப் பார்த்து ஐயா கேட்டார்: “ரேகைக்குள்ள போறது வேற எங்கெல்லாம் போகும்?”

பனிமூட்டத்துக்குப் பயந்து சலிப்பறை சன்னலை நாம் திறப்பதே இல்லை. அந்த அறையின் மாடத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தார். மறுநாள் அதன்மேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது.

“ஏனுங்க வைத்தியரே, மெதக்குது பாருங்க! மருந்து நொம்ப நல்லா வந்திருக்குதுங்க” என்றார் அங்கே சலிக்கும் சென்னம்மாள் அக்கா.

“மருந்து பாசு. இந்த ரூம்புதான் பெயிலு.”

“அப்ப எங்க நெஞ்சு பாசுங்களா, பெயிலுங்களா?”

ஐயா கிண்ணத்தைக் கையில் எடுத்தார். நேரே என்னிடம் வந்தார். “கண்ணு, உன் மைக்ராஸ்கோப்புல இந்தத் தூள் எல்லாம் தெரியுதா?”

“பெரிசு தெரியுதுங்க ஐயா. அதைவிடச் சின்னது இருந்தாத் தெரியாதுங்க.”

“உன் கண்ணாடிக்கே அகப்படாததை மூக்கு எப்படித் தடுக்கும்?”

எப்பேர்ப்பட்ட கேள்வி! அதற்கு விடையாகத்தான், தூள் வெளியே வராமல் சலிக்க ஒரு மூடிய பெட்டியைச் செய்தார். மேலே கண்ணாடி, பக்கத்தில் கை நுழைக்க இரண்டு துணிக்குழாய், உள்ளே சல்லடை.

“என்னங்க இது, எங்களுக்குச் சவப்பெட்டியாட்டம்? மொகம் பாக்கக் கண்ணாடி வேற!” என்றார் அக்கா.

“கை மட்டும் உள்ள போகட்டும், சென்னம்மா. நீ முழுசாப் போகாம இருக்கத்தான்.”

பெட்டியில் வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் அடுத்த நாள் கிண்ணத்துத் தண்ணீரில் முகம் தெரிந்தது!

கடைசியில் ஐயாவுக்கும் இருமல் வந்தது. இந்தத் தூளால்தானா என்று கேட்டேன். “தெரியாததைத் தெரிஞ்சாப்பல சொல்லப்படாது. தெரியற வரைக்கும் பெட்டியிலயே சலிங்க” என்றார்.

அவர் படுக்கையில் விழுந்ததும் ஆர்டர் அவசரம் என்று பெட்டி மூலைக்குப் போனது. சல்லடை வெளியே வந்தது. இப்போது கூட்டத்தில் இருமுவது யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டுமா?

எல்லோரும் ஐயாவின் படத்துக்குப் பூ வைத்தீர்கள். நான் இந்தக் கிண்ணத்தை வைக்கிறேன். நேற்று மாலை சலிப்பறை மாடத்தில் வைத்த தண்ணீர் இது. முதலாளி ஐயா, கிட்டே வந்து பாருங்கள். இதோ, இதன்மேல் ஒரு நெல்லை வைக்கிறேன்.

மூழ்கவில்லை. மருந்து தேறிவிட்டது.

நாளை காலை முதல், அந்தப் பெட்டி மூலையிலிருந்து வரும் வரை நாங்கள் சல்லடையைத் தொடமாட்டோம். சிங்கராயர் ஐயா, இது உங்களுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு. கிண்ணத்தை நான் தினமும் வைப்பேன்.