இரண்டாம் மின்மாற்றியும் ரிலே அண்ணனின் வகுப்பும்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, சங்கத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனிடம் படித்த பொறியாளர்களே! வணக்கம் சொல்லக்கூட வாய் வரவில்லை. இது நம் அண்ணனுக்கு இரங்கல் கூட்டம்.

நம் துணைமின் நிலையத்தின் செயற்பொறியாளர், நாமெல்லாம் "ரிலே அண்ணன்" என்று அழைத்த அந்த மாமனிதர் என்ன குற்றம் செய்தார்? வேலையில் இருக்கும் பொறியாளர்களுக்கு முதுநிலைப் பட்டப்படிப்பு வேண்டும் என்று கேட்டார். பல்கலைக்கழகப் படிகளில் ஏறி இறங்கி வாங்கியும் வந்தார். பேட்டரி அறைக்குப் பக்கத்து அறையில், சனிக்கிழமைதோறும், தலை நரைத்த நம்மை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மின்பாதை ட்ரிப் ஆகி, மின்சாரம் தானாகத் துண்டித்துக்கொண்ட காரணம் புரியாவிட்டால், பதிவேட்டில் "பறவை மோதியது" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவோம். நானும் எழுதியிருக்கிறேன். அண்ணன் விட்டாரா? "செத்த பறவை எங்கய்யா? ஒரு இறகாவது காட்டு!" என்று பிடித்துக்கொள்வார். அப்படி மூடிய ஒரு பதிவைத் திறந்து உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வகுப்பில் ஆய்வேடு.

இதோ அமர்ந்திருக்கும் நம் உதவிப் பொறியாளர் அப்படித்தான் கண்டுபிடித்தார். இரண்டாம் மின்மாற்றியைக் காக்க வேண்டிய ரிலே கருவியின் செட்டிங் தவறு, பழுது வந்தாலும் அது மின்சாரத்தைத் துண்டிக்காது என்று நிரூபித்தார். நிர்வாகம் மின்மாற்றியை நிறுத்தியதா? வகுப்பை நிறுத்தியது! "எல்லாரும் படிக்கப் போனா வேலைய யாரு பாக்குறது?" என்று கேட்டது. தலைமைப் பொறியாளர் அவர்களே, ஆய்வேடு உங்கள் மேசை இழுப்பறைக்குள் போனது.

சென்ற மாதம் அந்த மின்மாற்றியில் பழுது வந்தது. ரிலே துண்டிக்கவில்லை. கையால் துண்டிக்க ஓடியவர் அண்ணன். அதற்குள் அது வெடித்தது, அவர் உயிரோடு திரும்பவில்லை. மறுநாள் பதிவேட்டில் காரணம் என்ன தெரியுமா? பறவை! எழுதிய கை கூசவில்லையா?

நேற்று அண்ணி ஒரு விடைத்தாள் கட்டைத் தந்தார். வகுப்பு நின்ற வாரம் நாம் எழுதிய தேர்வு. "பாதிதான் திருத்தினாரு தம்பி. மத்தவங்களுக்கு மார்க் போடாம விட்டுறாதீங்க" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அண்ணி, என் தாளைத் தவிர மற்றவற்றை நான் திருத்துகிறேன். வரும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அதே அறையில் வகுப்பு நடக்கும். அனுமதி தந்தாலும் நடக்கும், தராவிட்டாலும் நடக்கும். பாடம், இரண்டாம் மின்மாற்றி. நடத்தப்போவது, அந்த ஆய்வேட்டை எழுதிய உதவிப் பொறியாளர். தலைமைப் பொறியாளர் அவர்களே, நீங்களும் நோட்டோடு வாருங்கள். அன்றைக்கு உங்களுக்கு மேடை கிடையாது, பெஞ்சுதான்.