தாய்மாமன் ரத்தம்

— புது மருந்து வந்திருக்குது, அதுக்கு டெஸ்ட்டுன்னுதான பாப்பா போன்ல சொன்ன? இந்த ஃபாரத்துல அப்படி ஒரு வார்த்தைகூட இல்லியே.

— அத நீ ஏண்ணே படிச்ச?

— படிக்காம? கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துக்கலாம்னு மெஷின்ல வெச்சேன். பன்னெண்டு வருஷமா செம்மண்டலத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். ஊரான் பத்திரம், ஊரான் விவாகரத்து, ஒண்ணையும் நான் படிச்சதில்ல. என் பேரு இருக்குதேன்னு இத பாத்தேன். வியாதி உள்ள உறவுக்காரர் செம்பியன், வயசு முப்பத்தஞ்சு, பொறக்கப்போற புள்ளைக்கு தாய்மாமன். நல்லா கேட்டுக்கம்மா! புள்ள இன்னும் உண்டாவவே இல்ல, அதுக்குள்ள என்ன மாமனாக்கிட்டா உன் பொண்ணு.

— ஏ புள்ள ரேகா, சிதம்பரத்துலேருந்து வெயில்ல பஸ்சு புடிச்சி வந்திருக்கிற. ரெண்டு வாய் சாப்புட்டுட்டு பேசக்கூடாதா? சங்கரா மீன் கொழம்பு வெச்சிருக்கேன்.

— அவ சாப்புட வரலம்மா. என் ரத்தத்த எடுத்துக்கிட்டு போவ வந்திருக்கா.

— சரிண்ணே, பொய்தான் சொன்னேன். நெசத்த சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?

— இப்ப சொல்லு. அம்மாவும் கேக்கட்டும்.

— உனக்கு ரத்தம் உறையாத வியாதி. எங்கிட்டயும் அது இருக்குதாம். என்ன ஒண்ணும் பண்ணாது, ஆனா எனக்கு ஆம்பளப் புள்ள பொறந்தா பாதிக்குப் பாதி அவனுக்கு வரும். அதனால மெட்ராஸ்ல வயித்துக்கு வெளியவே கருவ உண்டாக்குவாங்க. ஏழெட்டு வரும். ஒவ்வொண்ணுலேருந்தும் துளியூண்டு எடுத்து, வியாதி இருக்குதா இல்லியான்னு பாத்து, இல்லாதத எனக்குள்ள வெப்பாங்க. உன் ரத்தத்த வெச்சு மரபணுவுல கோளாறு எந்த எடத்துல இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் கருவுல அந்த எடத்த தேட முடியுமாம்.

— இருக்கிறத?

— எத?

— வியாதி இருக்கிறத என்னா செய்வாங்க பாப்பா?

— வளர விடமாட்டாங்க.

— அதான! அப்படி வாயத் தொறந்து சொல்லு. என்ன மாதிரி ஒருத்தன் எங்கியாச்சும் ஒளிஞ்சிருந்தா, என் ரத்தத்தையே மோப்ப நாயாட்டம் வுட்டு கண்டுபுடிச்சு, எடுத்து கடாசிடுவீங்க. அதுக்கு நானே கையெழுத்தும் போடணும். அங்க கண்ணாடித் தட்டுல கெடக்கிறவன் யாரு தெரியுமா? என் மருமவன்.

— கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளிய போய் மருமவன்ங்கறியே!

— வெறும் புள்ளிதான்னா எது வந்தா என்னன்னு இருக்க வேண்டியதுதான? ஆளுன்னு தெரியறதாலதான பொறுக்கி எடுக்கறீங்க!

— நான் உன்ன ஒதுக்கலண்ணே. அந்த வலிய ஒதுக்கறேன்.

— வலிய மட்டும் பிரிச்செடுக்க அங்க மெஷின் இருக்குதா? ஆளோட சேத்துதான எடுக்கறாங்க?

— எடுக்கட்டும்! நல்லா எடுக்கட்டும்! உனக்கு உன் வலி மட்டுந்தான் தெரியும். பக்கத்துல உக்காந்து பாத்தவ நானு. தானே புயல் அடிச்சி மூணு மாசம்கூட ஆவல. லீவுக்கு வந்து இங்கியே மாட்டிக்கிட்டேன். உன் ஊசி மருந்து தீந்துபோச்சு, கரண்ட் இல்ல, ஐஸ் இல்ல, பாண்டிச்சேரி ரோடு பூரா மரமா விழுந்து கெடந்துது. முட்டி பலாப்பழம் கணக்கா வீங்கிப்போச்சு. அப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு என்னா சொன்ன? அம்மா முன்னாடி சொல்லு.

— அந்தப் பேச்ச எடுக்காத பாப்பா.

— என்ன கொன்னுடு பாப்பா, நான் ஏன் பொறந்தேன்னு கேட்டியா இல்லியா?

— கேட்டேன். வலியில கத்தினத சாட்சியா எழுதி வெச்சுக்கிட்டியா? நாலாம் நாளு வீக்கம் வடிஞ்சதும் ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு அம்மாகிட்ட சண்ட போட்டேனே, அத ஏன் எழுதல? ஜெனரேட்டர் புடிச்சி தெருவுக்கே செல்போன் சார்ஜ் போட்டுக் குடுத்தேன். ராத்திரி பூரா கூட்டம் கடையில சிரிப்பும் பேச்சுமா இருந்துச்சே, அத ஏன் எழுதல? நான்னா உனக்கு ஒரு முட்டிதானா?

— மூணு எடத்துல உனக்கு பொண்ணு பாத்தோம். பண்ருட்டிக்காரங்க வியாதின்னு கேட்டதும் ஊத்தி வெச்ச காப்பிய அப்படியே வுட்டுட்டு எழுந்து போனாங்க. என் புள்ளைக்கும் அந்த நெலம வரணுமா?

— அவுங்களாச்சும் என் மூஞ்சியப் பாத்துட்டு எழுந்து போனாங்க. நீங்க மூஞ்சி மொளைக்கறதுக்கு முன்னாடியே போவச் சொல்றீங்க.

— போதும் நிறுத்துங்கடா! வாசல்ல லேப் ஆளு பெட்டியோட நிக்கிறாரு. எல்லாம் காதுல வுழுது.

— வுழட்டும்! அந்தோணிசாமி சார், நீங்களும் நல்லா கேட்டுக்குங்க! இன்னிக்கு ரத்தம் நிக்காதவன் வேணாம். நாளைக்கு கருப்பு வேணாம், குட்டை வேணாம், கணக்குல மார்க் கம்மியா எடுக்கறவன் வேணாம். ஞாயித்துக்கெழம பேப்பர்ல மாப்பிள்ள தேடற மாதிரி புள்ளையவும் தேடிக்குவாங்க!

— இதெல்லாம் மேடையில பேசு, கை தட்டுவாங்க. எனக்கு நெறமும் வேணாம், மார்க்கும் வேணாம். ஓடி விழுந்தா எழுந்து மண்ணத் தட்டிக்கிட்டு திரும்ப ஓடற புள்ள ஒண்ணு, அது போதும். கல்யாணமாகி ஏழு வருஷமா நான் ஏன் புள்ள பெத்துக்கல, தெரியுமா உனக்கு?

— உண்டாவலன்னு...

— உண்டாவ வுடல! பயந்துக்கிட்டு மாத்திரை போட்டேன். மாமியார் வீட்டுல மலடின்னாங்க. நாத்தனார் சீமந்தத்துக்கு என்ன ஓரமா நிக்கச் சொன்னாங்க. வாயத் தொறக்கல நானு. உன்னாலன்னு ஒருத்தர்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

— என்னாலயா?

— ஆமா. உன்னாலதான்!

— ஏ, வாய அடக்குடி! கூடப் பொறந்தவன பாத்து பேசற பேச்சா இது?

— இல்லம்மா, பேசட்டும். இன்னிக்குத்தான் நெசம் வெளிய வருது. சரி பாப்பா, நீயும் பேச வேணாம், நானும் பேச வேணாம். அம்மா சொல்லட்டும். முப்பத்தஞ்சு வருஷமா என்னத் தூக்கிக்கிட்டு ஆசுபத்திரி ஆசுபத்திரியா அலைஞ்சது அது, நீ இல்ல. நான் இப்படித்தான் பொறப்பேன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன வேணாம்னு சொல்லியிருப்பேன்னு அது வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் ஒரு டியூப் என்னா, பத்து டியூப் எடுத்துக்க.

— அம்மாவ ஏண்ணே இதுல இழுக்கற?

— ஏன், தோத்துடுவோம்னு பயமா இருக்குதா? சொல்லும்மா. இவ காதுல வுழற மாதிரி சத்தமா சொல்லு.

— என்ன வுட்டுடுப்பா.

— சொல்லும்மா!

— தெரிஞ்சிருந்தா என்னடா, தெரிஞ்சிருந்தா? தெரியும் எனக்கு. ஒங்களுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தானே...

— அவன் காய்ச்சல்ல போனவன்.

— காய்ச்சல்னு ஒங்ககிட்ட சொல்லி வெச்சேன். திருவந்திபுரத்துல மொட்ட போட்டு காது குத்தினோம். அந்த ஊசி போன ஓட்டையில மூணு நாளு ரத்தம் நிக்கல. எங்கெங்கியோ தூக்கிக்கினு ஓடினோம். என் மடியிலயே சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போயி அடங்கிட்டான். அடுத்ததும் ஆணா பொறந்தா இப்படியே இருக்கும்மான்னு டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு.

— அம்மா...

— குறுக்க பேசாத. கேட்டியில்ல, கேளு. ரெண்டு வருஷத்துல நீ வயித்துல வந்த. ஆணா பொண்ணான்னு யார்கிட்ட போயி கேக்கறது? இன்னொன்ன மடியில போட்டுக்கினு பாக்க எனக்கு தெம்பு இல்ல. ஒங்கப்பாவுக்குத் தெரியாம மருத்துவச்சிகிட்ட கசாயம் வாங்கி மூணு நாளு குடிச்சேன்டா. நீதான் போவல. கைய நீட்டு. குத்தின எடத்த நான் அழுத்திப் புடிச்சிக்கறேன்.